ஏழு மணி பதினேழு நிமிடம்

அலுவலகத்தில் என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'விடைப்பக்கம்' என்பார்கள், முகத்துக்கு நேரே என்றால் 'விடைப்பக்கம் சார்'. அவருக்கு அதில் கோபமில்லை, உள்ளூரப் பெருமைதான். நாங்கள் இருவரும் வேலை பார்த்தது பள்ளிப் பாடங்களுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் பதிப்பகத்தில். கணக்குப் புத்தகத்தின் கடைசியில், பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து பக்கம் விடை இருக்குமே, அதை எழுதுவதுதான் இருபத்தாறு வருடமாக அண்ணனின் வேலை. அட்டையில் பெயர் போட்டுக்கொள்பவர் வேறொருவர், பெரிய படிப்பாளி. அவர் கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு விடை கண்டுபிடிப்பது, பட்டப்படிப்பை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திய என் அண்ணன்.

ஒவ்வொரு கணக்கையும் மூன்று தடவை போடுவார். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. முன்பு போட்டதைப் பார்க்கமாட்டார். மூன்றும் ஒத்துப்போனால்தான் விடை தாளில் ஏறும். மாலையில் அவர் எழுந்திருக்கும்போது மடியிலிருந்து ரப்பர் தூள் உதிரும். "கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவும் உங்க அண்ணன் மூணு நாள் எடுத்துக்கிட்டாரு, அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அவர்கள் கீழ் வீட்டில், நாங்கள் மாடியில். என் கணவருக்கு வெளியூர் வேலை. வருடத்தில் இரண்டு மாதம் இங்கே இருந்தால் அதிகம். அதனால் என் மகள் பாதி நாள் கீழேதான் சாப்பிடுவாள், கீழேதான் படிப்பாள். அவளுக்கு ஏதாவது தெரியவில்லை என்றால் முதலில் ஓடுவது மாமாவிடம்தான். நான் இரண்டாமிடம். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே பதிப்பகத்தில் பக்க அமைப்புப் பிரிவில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். அவர் பென்சிலில் எழுதியதை நான் கணினியில் தட்டுவேன். எண்கள் வரிசையாக நிற்கின்றனவா, பின்னக் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு என் பொறுப்பு முடிந்தது. விடை சரியா தவறா என்று பார்ப்பது என் வேலை இல்லை. அப்படித்தான் பதினான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனித்தான் சொல்லக் கூச்சமாக இருக்கும் விஷயம் வருகிறது. எங்கள் தொழிலில் அடுத்தவன் புத்தகத்தைப் பார்த்து அடிப்பவர்கள் அதிகம். கேள்வியை இரண்டு எண் மாற்றித் திருடினால் பிடிக்க முடியாது. ஆனால் சோம்பேறிகள் எண்ணைக்கூட மாற்றமாட்டார்கள், விடைப்பக்கத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போவார்கள். கேட்டால், "கணக்கு எல்லாருக்கும் பொது, யார் போட்டாலும் அதே விடைதானே வரும்" என்று வாயடைப்பார்கள். அவர்களைப் பிடிக்கப் பெரிய முதலாளியும் அண்ணனும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் பத்துப் பன்னிரண்டு விடைகளை வேண்டுமென்றே தப்பாக அச்சிடுவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'திருட்டுக் கணக்கு'.

ஏதோ ஒரு தப்பு விடை போதாது. கவனக்குறைவில் யாருக்கும் வரக்கூடிய விடையாக இருந்தால் திருடன், நானும் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று தப்பித்துவிடுவான். அதனால் அண்ணன் ஒரு கணக்கை எத்தனை விதத்தில் தப்பாகப் போட முடியுமோ அத்தனை விதத்திலும் போட்டுப் பார்ப்பார். எந்தத் தப்பிலும் வராத ஒரு எண்ணைத் தேடி எடுத்து வைப்பார். சரியாகப் போட்டாலும் வராது, தப்பாகப் போட்டாலும் வராது, பார்த்து எழுதினால் மட்டுமே வரும். இரண்டு முறை இதை வைத்தே பெரிய முதலாளி போட்டிப் பதிப்பகத்தை மன்னிப்புக் கடிதம் எழுத வைத்திருக்கிறார்.

பிள்ளைகள் கதி? அதற்கும் ஏற்பாடு இருந்தது. ஆசிரியர்களுக்கு இலவசமாகப் போகும் பிரதியின் கடைசி அட்டையில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். 'திருத்தம்' என்று தலைப்பு, கீழே சரியான விடைகள். வெளியே ஒரு சின்ன அச்சகத்தில் அடித்து வாங்கி, அண்ணனே உட்கார்ந்து ஒட்டுவார். வழக்கமான அச்சுப்பிழைச் சீட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வகுப்பில் யாராவது, "விடை வரலையே சார்" என்று எழுந்து நின்றால், ஆசிரியர் சீட்டைப் பார்த்து, புத்தகத்தில் தப்பு, உன்னுடையதுதான் சரி என்று சொல்லிவிடுவார். ஒரு பிள்ளைகூட இதனால் கெட்டதில்லை என்று அண்ணன் பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தார். இருக்கலாம்.

பெரிய முதலாளிக்கு ஞாபகம் மங்க ஆரம்பித்ததும் அவர் மகள் நிர்வாகத்துக்கு வந்தார். எங்களுக்கு அவர் சின்ன முதலாளி. கெட்டிக்காரர், ஓயாமல் வேலை செய்பவர். குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பள்ளிக்கூடங்கள் புத்தகம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வந்தன. பிள்ளைகள் கையில் டேப்லெட் வந்துவிட்டது. கீழே புத்தகக் கிடங்காக இருந்த இடத்தில் பாதியைக் காலி செய்து, சுவர் முழுக்கப் பச்சைத் துணி கட்டி, ஆசிரியர்களை நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். மாடியில் ஒரு கண்ணாடி அறை முளைத்தது. புத்தகம் என்ற சொல்லே போய் எல்லாம் 'கன்டென்ட்' ஆனது. "இருபத்தாறு வருஷமா நான் கன்டென்ட்தான் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லலையே" என்றார் அண்ணன். எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. பிழை வந்தால் மறு அச்சுவரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே திருத்தலாம். பிள்ளை விடையைத் தட்டியதும் சரியா தப்பா என்று திரையே சொல்லிவிடும். ஆசிரியர் பிரதி என்று ஒன்று தேவையே இல்லை.

ஆசிரியர் பிரதி இல்லையென்றால் திருத்தச் சீட்டும் இல்லை என்பது அண்ணனுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். புத்தகங்களைப் பதிப்பகத்தின் புதுச் செயலியில் ஏற்றுவதற்கு முன்னால் சின்ன முதலாளி எல்லாரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். இருபது பேர் இருந்தோம், பாதிப்பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவரவர் புத்தகத்தில் தெரிந்த பிழை இருந்தால் எழுதிக் கொடுங்கள், ஏற்றும்போதே சரிசெய்துவிடலாம் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அண்ணன் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சாரோட விடையில பிழை இருக்குமா என்ன" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பெருமையாக இருந்தது.

அத்தனை பேர் முன்னால், வருடக்கணக்காகத் தப்பு விடை எழுதியவன் நான் என்று எப்படிச் சொல்வது? சின்ன முதலாளியைத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். அந்தத் தனி நேரம் வரவில்லை, அவரும் அதைத் தேடிப் போகவில்லை. விடைகளை நான்தான் ஏற்றினேன், திருட்டுக் கணக்குகளையும் சேர்த்து. எண்கள் வரிசையாக நின்றன.

என் மகளின் பள்ளிக்கூடமும் அந்தச் செயலியை வாங்கியது. ஒன்பதாம் வகுப்புக்கு வருடம் முழுக்க ஐந்நூறு கணக்கு. முதல் தடவை போடும் விடைக்குத்தான் மதிப்பெண். வீட்டில் நோட்டிலும் செய்முறையோடு எழுதி வைக்க வேண்டும். நானூற்று ஐம்பது சரியாகப் போட்டவர்களைப் பத்தாம் வகுப்பில் உயர்கணக்குப் பிரிவில் சேர்ப்பார்கள். என் மகளுக்கு அதுதான் குறி. கட்டடம் கட்டப் படிக்கப் போகிறேன் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள்.

இரண்டாம் மாதம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டில் நானும் அண்ணியும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மகள் டேப்பையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு தொட்டியை ஒரு குழாய் ஒன்பது மணி நேரத்திலும் இன்னொரு குழாய் பன்னிரண்டு மணி நேரத்திலும் நிரப்பும், அடியில் உள்ள குழாய் பதினெட்டு மணி நேரத்தில் காலி செய்யும், மூன்றையும் திறந்துவிட்டால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்ற கணக்கு. அவளுக்கு ஏழு மணி பன்னிரண்டு நிமிடம் வந்திருந்தது. செயலி சிவப்புக் கோடு போட்டு, ஏழு மணி பதினேழு நிமிடம் என்று காட்டியது.

அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும், அவர் பெற்ற பிள்ளை ஆயிற்றே அந்தப் பதினேழு. முகத்தில் ஈயாடவில்லை. அப்போது நான் அதைக் கவனமாகப் பார்க்கிற முகம் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "விடை சரியாத்தாம்மா இருக்கு. நீ எங்கயோ விட்டிருக்க. திரும்பப் போட்டுப் பாரு" என்றார்.

அவள் விடவில்லை. மூன்று தடவை போட்டுவிட்டேன், மூன்று தடவையும் பன்னிரண்டுதான் வருகிறது என்றாள். மூன்று தடவை போடும் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். "மாமாவ விட உனக்கு ரொம்பத் தெரியுமோ? அவர் போட்ட கணக்குல நொட்டை சொல்ற அளவுக்கு வளந்துட்டியா? மன்னிப்பு கேளு" என்றேன். அவள் கேட்டாள். கையில் இருந்த சட்டையை நான் மடித்து முடித்தேன்.

அன்றே அண்ணன் அலுவலகத்தில் சொல்லியிருந்தால் மீதிப் பத்துக் கணக்கு அவளுக்குச் சரியாகியிருக்கும். சொல்லவில்லை. வேறு பள்ளிக்கூடங்களிலிருந்தும் நாலைந்து புகார் வந்திருக்கிறது. கணக்குப் புகார் எல்லாம் விடைப்பக்கம் சாரின் மேசைக்குத்தான் போகும். ஒவ்வொன்றிலும் அவர் 'சரிபார்க்கப்பட்டது, விடை சரி' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளை ஆனது. அண்ணி வயிற்றுக்கோளாறு என்று நினைத்து மருந்துக் கடைக்கு அலைந்தாள்.

வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள். என் மகளுக்கு நானூற்று நாற்பத்து மூன்று. ஏழு குறைவு. அவள் அழவில்லை, அவள் தோழி ஒருத்தி பட்டியலில் இருந்தாள், அவளுக்குக் கைகொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் நான்தான் புலம்பித் தீர்த்தேன். கவனம் போதாது, எப்போதும் அவசரம் என்று அவளையே பிடித்துத் திட்டினேன்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணன் ஏறி வந்தார். கையில் ஒரு பழைய டைரி. கொடிக்கு அந்தப் பக்கம், ஒரு போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் மொத்தம் பதினொன்று என்றார். நான் கூட்டிப் பார்த்தேன். நானூற்று ஐம்பத்து நாலு.

எனக்கு வந்த கோபத்தில் நனைந்த துணியை அவர் மேலேயே வீசியிருப்பேன். வாய்க்கு வந்ததைப் பேசினேன். பேசிக்கொண்டே போனபோது, மன்னிப்பு கேளு என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. ஈரத்துணி வாளியை அங்கேயே வைத்துவிட்டு இரண்டு பேரும் அலுவலகத்துக்குக் கிளம்பினோம்.

சின்ன முதலாளி டைரியைப் புரட்டிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கணினிக்காரரைக் கூப்பிட்டு எண்களைப் படிக்கச் சொன்னார். எல்லா வகுப்புக்கும் சேர்த்து எழுபத்திரண்டு விடை. மேசையில் இருந்த டீ ஆறுவதற்குள் அத்தனையும் மாறிவிட்டன. அதுவரை தப்பு இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. புத்தகமாக இருந்திருந்தால் அந்தத் தப்பு அலமாரிகளில் இருந்து இன்னும் இருபது வருடம் பல்லை இளித்திருக்கும்.

"சரி பண்ணியாச்சு சார். இதோட விட்டுடுவோம்" என்றார் சின்ன முதலாளி.

விட முடியாது என்றார் அண்ணன். எல்லாப் பள்ளிக்கும் கடிதம் போட வேண்டும், மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று மன்றாடினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. தப்பு இருந்தது என்று எழுத்தில் கொடுத்தால் அடுத்த வருடம் ஒரு பள்ளிகூட நம்மைச் சீந்தாது, இங்கே நாற்பது குடும்பம் பிழைக்கிறது என்று சின்ன முதலாளி சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. சரி, என் மருமகளுக்காகவாவது, அவள் முதலில் போட்ட விடைகளை எடுத்துக் கொடுங்கள் என்று அண்ணன் கேட்டார். கணினிக்காரர் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எத்தனை சரி, எத்தனை தப்பு என்ற எண்ணிக்கைதான் சேமிப்பில் இருக்கும், பிள்ளை என்ன போட்டது என்பது இருக்காது.

அண்ணன் அங்கேயே உட்கார்ந்து தன் பெயரில் கடிதம் எழுதினார். பதிப்பகத்தின் பெயர் வைத்த தாளில் எழுத வேண்டாம் என்று சின்ன முதலாளி கேட்டுக்கொண்டதால் கோடு போட்ட வெறும் தாளில். வேண்டுமென்றே தப்பு விடை வைத்தேன், தெரிந்தும் மறைத்தேன் என்று இரண்டு வரியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. செயலியை வாங்கிய நூற்றுப் பதினெட்டுப் பள்ளிக்கும் நகல் எடுத்து அனுப்பினார். அதற்கு மறுவாரம் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது. அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகளின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நேரில் போனோம். அண்ணன், நான், மகள். நோட்டு இருக்கிறது, அதில் அவள் செய்முறையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற தைரியம் எனக்கு. நோட்டை எடு என்றபோது அவள் தயங்கினாள், நான் கவனிக்கவில்லை. தலைமையாசிரியை அண்ணனின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். எங்கள் பக்கம் நோட்டைத் தள்ளினார்.

பதினொரு கணக்கிலும் அண்ணனின் தப்பு விடைதான் இருந்தது. அவள் கையெழுத்தில், முழுச் செய்முறையோடு. தொட்டிக் கணக்கில் முதலில் எழுதிய பன்னிரண்டு அழிந்து, தாள் மெலிந்து போயிருந்தது. முப்பத்தாறை ஐந்தால் வகுக்கிற இடம்வரை எல்லாம் சரி. அடுத்த வரியில், எங்கிருந்தும் வராத ஓர் ஐந்து நிமிடத்தைக் கூட்டியிருந்தாள். பதினேழு வந்துவிட்டது. மற்றப் பத்திலும் அப்படியே, நடுவில் ஒரு வரி இட்டுக்கட்டியது. எந்தத் தப்பிலும் வராத விடைக்கு அவள் வழி கண்டுபிடித்திருந்தாள். அண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். கூனிக் குறுகிப் போவது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இதுல இவளே பதினேழுன்னு போட்டிருக்காளே. மொதல்ல பன்னெண்டு வந்துச்சுன்னு நான் எதை வச்சு நம்புறது?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

அவர் நல்ல மனுஷி. சுவரில் இருந்த சின்னக் கரும்பலகையைக் காட்டி, இப்போது போடு, பார்க்கலாம் என்று என் மகளிடம் சாக்பீஸைக் கொடுத்தார். கடைசியில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவள் கடகடவென்று போட்டாள். ஒன்பதில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்றைக் கழித்து, முப்பத்தாறில் ஐந்து. முப்பத்தாறை ஐந்தால் வகுத்தாள். ஏழு மணி என்று எழுதினாள். அதற்குமேல் எழுதாமல் நின்றாள். பிறகு தலைமையாசிரியையைப் பார்க்காமல் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எனக்கு வந்தத எழுதட்டுமா, உங்க விடைய எழுதட்டுமா?"

கேலி இல்லை, கோபம் இல்லை. தெரியாததை எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டாள். அண்ணன் மேசையில் கிடந்த தன் கடிதத்தை எடுத்து மடித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு வந்தத எழுதும்மா" என்று தலைமையாசிரியைதான் சொன்னார்.